போன் தாங்காது

இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆபீஸில் என் பக்கத்து சீட் ரூபினி சொன்னது. அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

லிங்கராஜபுரத்தில் யூஜினின் மொபைல் கடை. ரூபினி சார்ஜர் வாங்கப் போயிருந்தாள். அவளுக்கு முன்னால் ரத்தினம்மாள் நின்றிருந்தார். பக்கத்துத் தெரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் வேலை செய்பவர்.

“யூஜின் தம்பி, இந்த ஆப்பைப் போட்டுக் குடுப்பா. பிட்காயின் வாங்கி விக்கிறதாம். வாட்ஸப்புல லிங்க் வந்துச்சு. அமுக்கினா இங்கிலீஷ்ல என்னென்னமோ கேக்குது.”

யூஜின் லிங்கைப் பார்த்தார். பிறகு போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தாங்காதுக்கா.”

“எது?”

“உங்க போன். பழசு. இந்த ஆப் ஏறினா செத்துடும். புது போன் வாங்குங்க, அப்புறம் பாக்கலாம்.”

“புது போனா? மகாவுக்கு நர்சிங் ஃபீஸ் கட்டவே இருபதாயிரம் குறையுது. கையில இருக்கிற நாப்பதை இதுல போட்டா பத்தே நாள்ல வந்துடும்னு குரூப்புல சொல்றாங்கப்பா. மாசக் கடைசிக்குள்ள கட்டலைன்னா என் பொண்ணு சீட்டு போயிடும்.”

“அதுக்கு நான் என்னக்கா பண்றது? போன் தாங்காது.”

ரத்தினம்மாள் போனை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

“பாரேன், ஏழைப்பட்டவன்னா ஆப்புக்குக்கூட எளக்காரம்!”

ரூபினிக்குப் பொறுக்கவில்லை. அவள் அம்மாவும் வீட்டு வேலை செய்கிறவர்தான். பாங்கிலும் ஆஸ்பத்திரியிலும் அம்மாவைக் கவுண்டருக்குக் கவுண்டர் விரட்டியதைப் பார்த்து வளர்ந்தவள்.

“ஆன்ட்டி, போனைக் குடுங்க.”

செட்டிங்ஸைத் திறந்து காட்டினாள்.

“பாதிக்கு மேல இடம் காலி. எதுக்குண்ணா பொய் சொல்றீங்க? புது போனை இவங்க தலையில கட்டத்தானே?”

யூஜின் ரூபினி பக்கம் திரும்பினார்.

“மேடம், உங்களுக்கு சார்ஜர்தானே வேணும்?”

“உங்க கடையில ஒண்ணும் வேணாம்.”

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து ரத்தினம்மாளின் போனில் ரூபினியே அந்த ஆப்பைப் போட்டாள்.

இந்த ஃபைல் ஆபத்தாக இருக்கலாம் என்றது போன். பரவாயில்லை என்று அமுக்கினாள். தெரியாத இடத்திலிருந்து ஆப் ஏற்றலாமா என்றது. சரி என்றாள். உங்கள் மெசேஜ்களை ஆப் படிக்கலாமா என்றது. அதற்கும் சரி என்றாள்.

எங்கள் ஆபீஸில் அட்டெண்டன்ஸ் ஆப்பே வாட்ஸப்பில் ஃபைலாகத்தான் வரும். வேலைக்குச் சேர்ந்த அன்றே இதே வரிசையில் அமுக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். அவள் கை தானாகப் போய்விட்டது. அந்த ஆப்பின் பெயரை ப்ளே ஸ்டோரில் தேடிப் பார்க்க அரை நிமிஷம்கூட ஆகாது. தேடியிருந்தால் அசல் ஆப் அங்கேயே கிடைத்திருக்கும். லிங்கில் வந்தது அதே பெயரில் ஒரு போலி.

மறுநாள் அதே பஸ் ஸ்டாப்பில் ரத்தினம்மாள் டிபன் டப்பாவில் கேசரி கொண்டுவந்து கொடுத்தார்.

“நீ நல்லா இருக்கணும் கண்ணு.”

நாலாம் நாள் அவருடைய பாங்க் கணக்கில் நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்தான் மிச்சம் இருந்தது. பாங்க் அனுப்பிய ஓ.டி.பி.களை அவர் பார்க்கவே இல்லை. ஆப் பார்த்துக்கொண்டது.

ரூபினிதான் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு போன் செய்தாள். அவளே ஸ்டேஷனுக்கும் கூட்டிப் போனாள். பணம் அதற்குள் ஏழு கணக்கு மாறியிருந்தது. மகாவின் சீட்டு வேறு யாருக்கோ போய்விட்டது.

ஸ்டேஷன் வாசலில் ரூபினிதான் அழுதிருக்கிறாள். ரத்தினம்மாள் தேற்றினாராம்.

“அழாத கண்ணு. உன் மேல தப்பில்ல. அந்தக் கடையில என்னை மனுஷியா மதிச்சது நீ ஒருத்திதான்.”

இதைச் சொல்லும்போது ரூபினி சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டாள்.

“அவங்க என்னை நாலு அறை விட்டிருக்கலாம். ஆனா அந்தக் கடைக்காரர் போன் விக்கிற ஆசையில பொய் சொல்லாம இருந்திருந்தா, நான் ஏன் கை வைக்கப் போறேன், சொல்லு?”

நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன், அப்படித்தான் அமுக்கியிருப்பேன்.

சனிக்கிழமை நான் அந்தக் கடைக்குப் போனேன். ரத்தினம்மாளுக்கு நடந்ததை யூஜினிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

“எவ்வளவு தம்பி போச்சு?”

“நாப்பதாயிரம். அண்ணா, அது போலின்னு உங்களுக்குத் தெரியுமா?”

“லிங்கைப் பாத்ததுமே தெரிஞ்சுது.”

“அப்போ அதைச் சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்லிப் பாத்தேன் தம்பி, இதே மாதிரி லிங்கோட வந்த எங்க தெரு ஓஸ்வால்ட் அங்கிள்கிட்ட. ‘பத்தாங்கிளாஸ் பய, உனக்கென்னடா தெரியும், நான் பணக்காரனாகிடுவேன்னு பொறாமை’ன்னு சொல்லிட்டு அடுத்த கடையில போய்ப் போட்டுக்கிட்டார். ஒரு லட்சம் போச்சு. போன் தாங்காதுன்னு சொன்னா மட்டும்தான் என்னைத் திட்டிட்டு வீட்டுக்குப் போறாங்க. இதுவரைக்கும் ஆறு பேர் போயிருக்காங்க.”

“ரூபினிகிட்டயாவது சொல்லியிருக்கலாம்.”

“அந்தக்கா எதிர்ல நிக்கிறப்போ எப்படிச் சொல்றது?”

வந்ததற்கு ஏதாவது வாங்க வேண்டுமே என்று கேட்டேன்.

“எங்க அம்மாவுக்கு ஒரு போன் வேணும். கம்மி விலையில எது இருக்கு?”

“நான் போன் விக்கிறதில்லையே தம்பி. ரிப்பேர், ரீசார்ஜ், கவர், சார்ஜர், அவ்வளவுதான்.”

ரூபினியிடம் இதை எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. ஒருவேளை என்னிடமும் பொய் சொல்கிறாரோ என்று பக்கத்துத் தையல் கடை லீனா அக்காவிடம் விசாரித்தேன். பதினோரு வருஷத்தில் யூஜின் அந்தக் கடையில் ஒரு போன்கூட விற்றதில்லை.