இடி மட்டும் போதும்

“பேச்சு வேண்டாம். இடி மட்டும் போதும்” என்றார் மாடிக்காரர்.

டிஸ்க் பிளேயரின் முதுகைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்த மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். இருபது வருஷத் தொழிலில் இப்படி ஒரு ஆர்டர் அவருக்கு வந்ததில்லை.

“சார், இது ஹோம் தியேட்டர். மொத்தம் ஆறு ஸ்பீக்கர். நடுவுல வைக்கிற இந்தச் சின்னதுலதான் வசனம் வரும். இதை மாட்டலேன்னா ஹீரோ வாயை மட்டும்தான் அசைப்பார்.”

“அசைக்கட்டும். அது அட்டைப்பெட்டியிலேயே இருக்கட்டும். ஒரு பெரியது இருக்கே, தொம் தொம்முனு அடிக்குமே…”

“சப்-ஊஃபர்.”

“அதேதான். அதைத் தரையில கவிழ்த்து வைங்க. அதோட வாய் கீழ்வீட்டைப் பார்த்து இருக்கணும்.”

மெக்கானிக் மாடிக்காரரின் மனைவியைப் பார்த்தார். அந்தம்மா தலைக்கு மேல் சுற்றும் ஃபேனைப் பார்த்தார். ‘எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை’ என்பதற்கு அந்த வீட்டில் அதுதான் அடையாளம்.

விஷயம் இதுதான். மாடி வீட்டுக்கு அவர்கள் குடிவந்து ஆறு மாதம். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு படம் போட்டுப் பார்ப்பது மாடிக்காரரின் ஒரே சுகம். படத்தில் உருக்கமான இடம் வந்து, யாராவது மெல்லப் பேச ஆரம்பித்தால் போதும், கீழ்வீட்டிலிருந்து கம்பால் கூரையை இடிப்பார்கள். டொக், டொக். டிவி சத்தத்தைக் குறைத்தால் இன்னும் பலமாக டொக், டொக், டொக். போன வாரம் மனுஷன் சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டு, உதட்டசைவை வைத்துக் கதையை ஊகித்துக்கொண்டிருந்தார். அதற்கும் இடி விழுந்தது. யாருக்குத்தான் பொறுக்கும்?

“சத்தமே இல்லாம பார்த்தாக்கூட இடிக்கிறாங்கய்யா! அதான் பதிலுக்கு இடிக்கலாம்னு இதை வாங்கினேன். காலையிலேருந்து நானே மாட்டிப் பார்க்கிறேன், மூச்சு விட மாட்டேங்குது.”

மெக்கானிக் வயரைத் தடவிப் பார்த்தார். “பிளேயரோட அவுட்டைக் கொண்டுபோய் ஆம்ப்ளிஃபயரோட அவுட்லயே செருகியிருக்கீங்க சார். ரெண்டு பேரும் பேசுறாங்க. கேக்கத்தான் ஆளில்லை.”

“நேர்ல போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கன்னு ஆறு மாசமாச் சொல்றேன்” என்றார் மனைவி, ஃபேனிடம்.

“நானா? நான் எதுக்குப் போகணும்?”

மெக்கானிக் வயரை மாற்றிச் செருகினார். சொன்னபடி மாட்டினார், சொன்னபடி கவிழ்த்தார். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, “கீழ்வீட்டிலயும் ஒரு வேலை இருக்கு சார். ஃபேன் ரெகுலேட்டர் போயிடுச்சாம்” என்றார்.

“நல்லதாப் போச்சு. நேர்லயே பார்த்துட்டு எப்படி விழுதுன்னு அப்புறமா சொல்லுங்க!”

மாடிக்காரர் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது ஒரு போர்ப் படம். சத்தத்தை முழுசாகக் கூட்டினார்.

முதல் குண்டு விழுந்தது. சமையலறையில் பாத்திரங்கள் பேசிக்கொண்டன. மனைவியின் மூக்குக் கண்ணாடி மேஜையிலிருந்து தானாகவே இறங்கியது. இரண்டாவது குண்டில் சப்-ஊஃபர் நகர ஆரம்பித்து, வாசலை நோக்கி ஒரு முழம் போய்விட்டது. மாடிக்காரர் அதை இழுத்துவந்து பழைய இடத்தில் வைத்து, இனி நகராதபடி மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். கன்னம், தொந்தி, சட்டைப் பையிலிருந்த பேனா எல்லாம் அதிர்ந்தன. முகத்தில் மட்டும் அப்படி ஒரு திருப்தி.

கீழேயிருந்து ஒரு டொக் கூட வரவில்லை.

“பார்த்தியா? அடங்கிட்டாங்க!”

அழைப்பு மணி அடித்தது. மனைவி போய்க் கதவைத் திறந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் நின்றிருந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

“நான் கீழ்வீடுங்க. அண்ணே, எழுந்திருக்காதீங்க! மெக்கானிக் எல்லாத்தையும் சொன்னார்.”

மாடிக்காரர் படத்தை நிறுத்தினார். “எல்லாத்தையுமா?”

“எங்களுக்குக் கேக்கணும்னே ஸ்பீக்கரை எங்க பக்கம் திருப்பி வெச்சீங்களாமே! எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு போயி ஒரு வருஷம் ஆச்சுண்ணே. எங்க டிவியைப் போட்டா, ‘நீ பார்க்கிறே, நான் பார்க்கலை’ன்னு அழுதுடுவார். உங்க வீட்டுல ஓடுற படம்னா எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ரெண்டு பேரும் சமமா உக்காந்து கேப்போம். சத்தம் குறைஞ்சா மட்டும் கூட்டச் சொல்லித் துணிக்கம்பால தட்டுவார். ‘வேணாம், தப்பா நினைப்பாங்க’ன்னு நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். நேர்ல வந்து கேக்கவும் கூச்சம். நீங்க அதைப் புரிஞ்சுக்கிட்டு, இவ்வளவு செலவு பண்ணி, அது நகராம மேல வேற உக்காந்துக்கிட்டு…”

அவர் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

மெக்கானிக்கிடம் தான் சொன்னதெல்லாம் மாடிக்காரருக்கு வரிக்கு வரி ஞாபகம் வந்தது. அதில் இப்படி ஒரு வரி எங்கேயுமே இல்லை. ரொம்ப வெட்கமாக இருந்தது. மனைவி இப்போது ஃபேனைப் பார்க்கவில்லை. அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணே ஒண்ணுதாண்ணே” என்று கீழ்வீட்டம்மா தயங்கினார். “குண்டெல்லாம் நல்லா விழுது. பேச்சுதான் கேக்கலை. ஹீரோ இருக்கானா போயிட்டானான்னு அவர் தவிச்சுக்கிட்டு இருக்கார்.”

“வரும்மா. இப்பவே வரும். நீங்க போய் அவர் பக்கத்துல உக்காருங்க.”

கதவு சாத்தியதும் மாடிக்காரர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி, அந்தச் சின்ன ஸ்பீக்கரைத் தேடி எடுத்தார். தரையில் குப்புறப் படுத்து, வயரை இரண்டு முறை சரிபார்த்துச் செருகினார். பிறகு சப்-ஊஃபருக்குப் பக்கத்திலேயே அதையும் கவிழ்த்து வைத்தார்.

“ஏங்க, அதையும் கவிழ்த்துட்டா நமக்கு எப்படி வசனம் கேக்கும்?”

“நமக்குத்தான் படம் தெரியுதே.”