புள்ளிக்குப் பின்னால் ஒரு பூஜ்யம்

குறைமாதக் குழந்தைகள் வார்டில் காலை வெயில் கண்ணாடித் தொட்டில்கள்மேல் விழுந்து கிடக்கிறது. மருந்தளவு சொல்லும் மென்பொருளை நேற்று இங்கே நிறுவியவன், "நூறு டெஸ்ட்ல தொண்ணூத்தெட்டு பாஸ், அக்கா" என்கிறான். நர்ஸ் சிரித்துக்கொண்டே ஒரு குழந்தையின் எடையைக் கணினியில் தட்டுகிறாள்: 1.08 கிலோ. திரை சொன்ன அளவுக்கு ஊசியில் மருந்தை இழுத்தவள், அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாள், சிரிப்பு நின்றுவிடுகிறது. "என்ன தம்பி, ரெண்டு பிள்ளைக்கான மருந்தக் காட்டுது?" அவன் குனிகிறான். திரையில் எடை 1.8 என்றிருக்கிறது; புள்ளிக்குப் பின்னால் வந்த பூஜ்யத்தை அது விழுங்கியிருக்கிறது. தொட்டிலுக்குள் கைவிட்டிருக்கும் தாயின் சுண்டுவிரலைக் குழந்தை இறுகப் பற்றியிருக்கிறது. அவன் நிமிர்கிறான். "நேத்து எத்தனை குழந்தைங்களுக்குக்கா இதப் பாத்துப் போட்டீங்க?" "நேத்து நான் லீவு, தம்பி." சொல்லி முடிப்பதற்குள் அவள் மற்ற ஏழு தொட்டில்களை நோக்கி ஓடுகிறாள்.