பத்தாவது கோடு

குப்பியைக் குலுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் ஊசித் தண்ணீரைக் கண்ணாடிச் சுவரோரமாக மெல்ல இறக்கி, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டினாள் வயலட். அடியில் கிடந்த வெள்ளைப் பொடி கரைந்து தெளிந்தது. உடம்பு இளைக்க, வாரம் ஒருமுறை ஊசிக்குழாயில் பத்துக் கோடு அளவு மருந்து. மூன்று மாதமாகப் பசியே இல்லை. அடுப்பும் எரிவதில்லை.

மத்தியானம் ஒரு மணிக்கு அக்காவின் போன் வரும். நாள் முழுக்க அவளைத் தேடி வரும் ஒரே குரல் அதுதான்.

"ஏட்டி, சாப்டாச்சா? என்ன கறி வச்ச?"

அதில் தொடங்கினால் பேச்சு எங்கெங்கோ போய் அரைமணி நேரம் ஓடும். கொஞ்ச நாள் வாங்காத மீனைக் குழம்பு வைத்ததாகச் சொல்லிச் சமாளித்தாள். "நேத்தும் சாளைதானே சொன்ன?" என்று அக்கா பிடித்துவிட்டாள். பிறகு உண்மையையே சொன்னாள்.

"ஒண்ணும் வைக்கலக்கா. பசிக்கல."

"அப்ப சரிட்டி" என்று அக்கா அரை நிமிடத்தில் போனை வைத்துவிட்டாள்.

இன்று பத்தாவது கோடுவரை மருந்தை இழுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஊசியைக் குப்பியிலிருந்து எடுக்காமலே திரும்ப அழுத்தினாள். ஒன்பது, எட்டு, ஏழு. ஆறில் விரல் நின்றது. தெருவில் மீன்காரரின் ஹாரன் கேட்கிறதா என்று காதுகொடுத்தாள்.