அவசரமில்லாமல் ஓட்டினால்

ஃபார்க்கர் வண்டியின் பின்கதவைத் திறந்து, இருக்கைகளை மடித்துப் போட்டுவிட்டு, உள்ளே ஏறி மல்லாந்து படுத்தான்.

பூட்ஸ் கால்கள் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"நம்ம மலையில எந்தக் கலைமானும் என்னைவிட நீளமில்ல. நான் அடங்கினா அதுவும் அடங்கும்," என்றான் உள்ளேயிருந்து.

"முழங்காலைக் கொஞ்சம் மடக்குடா, கதவு மூடிக்கும்," என்றான் டூகி. பழைய வண்டிகளை வாங்கி விற்கும் டூகியும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்.

மடக்கினான். கதவு மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து, அக்டோபரில் பெண்மானைத் தேடித் திரியும் கலைமானின் முழக்கம் கிளம்பியது. பக்கத்தில் வேறொரு வண்டியை விலை பேசிக்கொண்டிருந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

ஃபார்க்கரின் மனைவி இஷ்பெல் சிரித்துவிட்டாள். சிரிக்கிற மனநிலையில் அவள் வந்திருக்கவில்லை.

அவள் இன்வெர்னஸ் மருத்துவமனையில் மருத்துவச்சி. பள்ளத்தாக்கின் கடைசி வீட்டிலிருந்து போக அறுபது மைல், வர அறுபது மைல். இப்போதுள்ள வண்டி அவள் சம்பளத்தில் பாதியை டீசலாகக் குடித்துக்கொண்டிருந்தது. மலையேற வேண்டும், ஃபார்க்கர் வேட்டையாடும் மானைச் சுமக்க வேண்டும், அதே சமயம் குறைவாகக் குடிக்கவும் வேண்டும். அப்படி ஒரு ஃபோர் வீல் டிரைவ் கிடைக்காவிட்டால் பனி விழுமுன் நகரத்துக்குக் குடிபோவது என்று பேசி முடித்திருந்தார்கள்.

நகரத்தில் ஃபார்க்கருக்கு மலை இல்லை. அதைப் பேசிய நாளிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த வண்டி சரிப்பட வேண்டுமே என்று அவனைவிட அவள்தான் அதிகம் தவித்தாள்.

"பாதிரியார் வச்சிருந்த வண்டி. ஒரு பாவமும் பண்ணாதது," என்றான் டூகி. "கேலனுக்கு அம்பது மைல் கொடுக்கும். அவசரமில்லாம ஓட்டணும், அவ்வளவுதான்."

ஃபார்க்கர் தலையை வெளியே நீட்டினான். "இவளா? ஊர்ப் புள்ளைங்கெல்லாம் இவ வர்ற வரைக்கும் உள்ளேயே காத்துக்கிட்டு இருக்குமா? முப்பத்தஞ்சு வந்தாலே பெருசு. அம்பது வந்தா ஒரு மாசம் பாத்திரம் நான் கழுவுறேன்."

"டூகி, நீதான் சாட்சி," என்றாள் இஷ்பெல்.

வாங்கிவிட்டார்கள். உள்ளே பாதிரியாரின் புதினா மிட்டாய் வாசம் இன்னும் இருந்தது.

மலையில் ஏற்றிப் பார்க்காமல் அன்று அவனுக்குத் தூக்கம் வராது. வீட்டுக்குள் போனவன் தேநீர்கூடக் குடிக்காமல் துப்பாக்கியோடு வந்தான். இஷ்பெல் ஓட்டினாள். வண்டிப்பாதை முடிகிற இடத்தில் இறங்கியவன், மறுபடி உள்ளே குனிந்து, கேலனுக்கு எத்தனை மைல் என்று காட்டும் சின்னத் திரையை அழுத்திச் சுழியாக்கினான்.

"பந்தயம் இங்கேருந்து ஆரம்பம், சீமாட்டி."

புதர்களுக்குள் குனிந்து போனான்.

வெயில் சாயும் நேரம் ஒரே ஒரு வெடிச்சத்தம் கேட்டது.

சுட்டதும் அவன் மேட்டில் எழுந்து நின்று தொப்பியை வீசிக் காட்டுவான். விழுந்துவிட்டது, வண்டியைக் கொண்டு வா என்று அர்த்தம்.

தொப்பிக்கு முன்னால் அண்டங்காக்கைகள் வந்தன. துப்பாக்கிச் சத்தம் அவற்றுக்குச் சாப்பாட்டு மணி. விழுந்து கிடப்பதைக் கண்ணிலிருந்துதான் கொத்தத் தொடங்கும்.

அவள் தொப்பிக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தொப்பி தெரியாமலே வண்டியைக் கிளப்பினாள். ஈரச் சரிவில் அது ஒரு முறைகூட வழுக்காமல் ஏறியது.

கனமானதை ஏற்ற ஃபார்க்கரிடம் ஒரு வழி உண்டு. சின்ன மேட்டின் அடியில் வண்டியின் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்தினால், மேடும் வண்டித் தளமும் ஒரே மட்டமாகிவிடும். கயிற்றைக் கட்டி உள்ளேயிருந்து இழுத்தால் தூக்காமலே வந்துவிடும். ஒற்றை ஆளாக அவன் எத்தனையோ முறை அப்படி ஏற்றியிருக்கிறான்.

அவளும் ஒற்றை ஆளாக அப்படியே ஏற்றினாள்.

பூட்ஸ் கால்கள் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

முழங்காலைக் கொஞ்சம் மடக்கினாள். கதவு மூடிக்கொண்டது.

கலைமானை அண்டங்காக்கைகளுக்கு விட்டுவிட்டாள்.

அதற்கு முன், கற்றதையெல்லாம் அவன் மார்பின் மேல் செய்து பார்த்திருந்தாள், தன் கைகள் மரத்துப்போகும்வரை. காயம் எதுவும் இல்லை. கத்தி உறையிலேயே இருந்தது. விழுந்த மானை நோக்கி நடந்தவன், அதைத் தொடுமுன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தான். அந்த மலையில் கைபேசிக்கு எந்தக் காலத்திலும் சிக்னல் கிடைத்ததில்லை. ஆள் கூட்டிவர அவனைத் தனியே விட்டுப் போகக் காக்கைகள் விடவில்லை.

யார் யாருடைய குழந்தைகளுக்காகவோ அவள் பறந்து பறந்து போன இன்வெர்னஸ் சாலை அது. சாலையின் இருபுறமும் இருட்டில் கலைமான்கள் முழங்கிக்கொண்டிருந்தன. பின்னால் அவன் உருண்டுவிடக் கூடாதென்று ஒவ்வொரு வளைவையும் மெல்லத் திருப்பினாள். முந்தப் பார்த்தவர்களுக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்டாள். புதினா வாசம் கூடவே வந்தது.

கைப்பழக்கத்தில், மருத்துவமனையில் பிரசவப் பிரிவின் எதிரே, தினமும் நிறுத்தும் இடத்திலேயே நிறுத்திவிட்டிருந்தாள்.

சாவியைத் திருப்பப் போனவள் திரையைப் பார்த்தாள்.

ஐம்பத்தொன்று.