பிரேசில் கிளி

“இது வெளிநாட்டுக் கிளிதானா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தார் வனவர் உதயகுமார்.

“பிரேசில் சார்,” என்றார் பாண்டீஸ்வரன். சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். மஹாலட்சுமி தரையைப் பார்த்தாள்.

அமராவதிபுதூரில் நகை வேலை செய்கிறவர் பாண்டீஸ்வரன். வீட்டில் வெளிநாட்டுப் பறவை வளர்க்கிறேன், சட்டப்படி பதிவு செய்து கொடுங்கள் என்று அவராகவே ஆன்லைனில் மனுப் போட்டிருந்தார். உதயகுமாருக்கு அதுவே பெரிய சந்தேகம். சட்டத்தைத் தேடிக்கொண்டு தானாக வந்த ஒரு மனிதரைத் தன் சர்வீசில் இப்போதுதான் பார்க்கிறார்.

முற்றத்தில் கூண்டு தொங்கியது. உள்ளே இருந்த கிளி உடம்பெல்லாம் மஞ்சள், தலை சிவப்பு, மூக்கு கன்னங்கரேல் என்று இருந்தது. உதயகுமார் செல்போனில் பிரேசில் கிளியின் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“படத்துல வால் இவ்வளவு நீளமில்லையே?”

“சாப்பாடு நல்லா போடுறோம் சார்.”

அந்த நேரம் பார்த்துக் கிளி வாயைத் திறந்தது. “வாங்க, ஒக்காருங்க, காப்பி சாப்பிடுறீகளா?”

உதயகுமார் அனிச்சையாக வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, சுதாரித்துக்கொண்டார். “பிரேசில் கிளி காரைக்குடித் தமிழ் பேசுது?”

“வந்த எடத்துல கத்துக்கிருச்சு சார்.”

பதில் பிடிக்கவில்லை என்றாலும் அதில் சட்டமீறல் எதுவும் இல்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், இருவருக்கும் சட்டத்தை விளக்க ஆரம்பித்தார். வெளிநாட்டுப் பறவையா, பதிவு செய்தால் போதும், தாராளமாக வளர்க்கலாம். நம் ஊர்ப் பச்சைக்கிளியா, கூண்டில் வைத்தாலே கேஸ்தான், ஜெயில் வரைக்கும் போகும்.

மஹாலட்சுமி அப்போதுதான் வாயைத் திறந்தாள். “அப்ப, நம்ம வேப்பமரத்துல இருக்குற கிளிய வச்சிருந்தா குத்தம். கடல் தாண்டி வந்ததுன்னா குத்தமில்லையா சார்?”

“அதான்மா சட்டம்.”

“நல்ல சட்டம்,” என்று சொல்லி, ஒரு கொய்யாத் துண்டைக் கூண்டுக்குள் நீட்டினாள்.

கிளி கொத்தியது. வெள்ளைக் கொய்யாவில் கறுப்பாக ஒரு தீற்றல் விழுந்தது. உதயகுமார் குனிந்து பார்த்தார். மூக்கின் நுனியில் கறுப்பு போய்ச் சிவப்பு எட்டிப் பார்த்தது.

பாண்டீஸ்வரன் அவசரமாக, “காப்பி எடுத்தாரச் சொல்லவா சார்?” என்றார்.

கிளிக்கு வெயில் தாங்கவில்லையோ என்னவோ, தண்ணீர்க் கிண்ணத்தில் இறங்கிக் குளிக்க ஆரம்பித்துவிட்டது. முங்கி முங்கி எழுந்தது. ஒவ்வொரு முங்கலுக்கும் தண்ணீர் மஞ்சளானது. எந்தக் கிளிக்கும் ஊரில் இப்படி ஒரு மஞ்சள் நீராட்டு விழா நடந்திருக்காது.

உதயகுமார் கிண்ணத்தில் விரலை விட்டு முகர்ந்து பார்த்தார். கலப்படமில்லாத அரைத்த மஞ்சள்.

“தலையில குங்குமமா?”

“ஆமா சார்.”

“மூக்குல?”

“கண்மை,” என்றாள் மஹாலட்சுமி. “இவுகதான் போட்டாக. கொலுசுக்குப் பூ வெட்டுற கையாச்சே.”

உதயகுமாருக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. பச்சைக்கிளியைப் பிடித்து வைத்தது ஒரு கேஸ், பொய் மனுப் போட்டது இன்னொரு கேஸ், அரசாங்கத்தையே முட்டாளாக்கப் பார்த்தது மூன்றாவது என்று அடுக்கிவிட்டு, வாசலில் நின்ற ஜீப் டிரைவரை அழைக்கப் போனை எடுத்தார். கிளியைக் கைப்பற்றி, இன்றைக்கே காட்டில் விடப்போவதாகவும் சொன்னார்.

“இன்னொரு தடவையா சார்?” என்றாள் மஹாலட்சுமி.

போன் காதருகே அப்படியே நின்றது. “என்னம்மா சொல்றீங்க?”

பாண்டீஸ்வரன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். போன ஆடியில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கிளி சோசியரிடமிருந்து ஒரு கிளியைக் கைப்பற்றினார்கள். கண்மாய்க்கரையில் வைத்துக் கூண்டைத் திறந்து, பேப்பர்காரர்கள் போட்டோ எடுக்க, வனவர் அதைப் பறக்கவிட்டார். வேடிக்கை பார்த்த கூட்டத்தில் இவர்களும் நின்று கைதட்டினார்கள். சோசியர் அதன் இறக்கையை வெட்டித்தான் வைத்திருந்தார் என்பது யாருக்கும் தெரியாது. ஜீப் கிளம்பிய புழுதி அடங்குவதற்குள், கிளி ஒரு கருவேல மரத்தில் மோதிக் கீழே விழுந்தது. நாய் கவ்வ வந்தது. மஹாலட்சுமி ஓடிப்போய் முந்தானையில் அள்ளிக்கொண்டாள். ஒடிந்த இறக்கை ஒட்டவே இல்லை. இனி அது பறக்காது.

உதயகுமார் கூண்டைப் பார்த்தார். இடது பக்க இறக்கை கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்ததில் அது அவர் கண்ணில் படவே இல்லை. அந்த போட்டோ பேப்பரில் வந்ததும், அவருடைய மனைவி அதை வெட்டி பீரோ கதவில் ஒட்டியதும் ஞாபகம் வந்தது.

“என்கிட்டயே வந்து சொல்லியிருக்கலாமே,” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“சொன்னா நீங்க மறுபடியும் பறக்கவிட்டுருவீகளேன்னு பயம் சார்,” என்றாள் மஹாலட்சுமி.

வாசலில் இருந்து டிரைவர் எட்டிப் பார்த்து, கூப்பிட்டீர்களா என்று கேட்டார். இல்லை, நீங்கள் போய் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று உதயகுமார் அனுப்பிவைத்தார். பிறகு எழுந்துபோய், கிண்ணத்தில் இருந்த மஞ்சள் தண்ணீரைத் தன் கையாலேயே முற்றத்துச் சாக்கடையில் ஊற்றினார். செல்போன் கேமராவைத் திறந்து கூண்டுக்கு நேராகப் பிடித்தவர், திருப்தி இல்லாமல் கீழே இறக்கினார்.

“மனுவுக்கு போட்டோ வேணும்மா. வால் பச்சையாத் தெரியுது, கொஞ்சம் மஞ்சள் கொழச்சுக் கொண்டாங்க.”