துலிப் கிழங்கின் பரம்பரை

மலையூர் ஒன்றில், ஒரு வீட்டுத் தோட்டத்துத் தொட்டிக்கு அபூர்வமான துலிப் கிழங்கு வந்து சேர்ந்தது. முந்நூறு வருஷப் பரம்பரையாம். அந்தத் தொட்டியில் குடியிருந்த மண்புழுவுக்கு அன்றோடு நிம்மதி போயிற்று.

விருந்தாளி யாராவது வந்தால் போதும், வீட்டுக்காரர் கிழங்கைத் தோண்டியெடுத்துக் காட்டுவார். விட்ட வேரில் பாதி அறுந்துபோகும். மறுபடி புதைப்பார். மண்புழு மறுபடி மண்ணை இளக்கிக் கொடுக்கும்.

"குளிர் முடியப் போகுது. இப்ப வேர் பிடிக்கலேன்னா அழுகித்தான் போவே. அந்த ஆள் இழுத்தா வராம, மண்ணை இறுக்கிப் பிடிச்சுக்கோயேன்!" என்று கத்தியது மண்புழு.

"உனக்கென்னய்யா தெரியும்? என்னைப் பார்க்க எங்கேயிருந்தெல்லாம் வர்றாங்க!" என்றது கிழங்கு.

மறுநாளும் தோண்டினார். மிச்சமிருந்த மூன்று வேரும் அறுந்து திரும்பிய கிழங்குக்கு ஒரே பூரிப்பு.

"பூத்தா எப்படி இருப்பேன்னு கேட்டாங்கய்யா. பார்த்து அசந்துபோயிட்டாங்க!"

"நீதான் இன்னும் பூக்கவே இல்லையே. எதைப் பார்த்து அசந்தாங்க?"

"எங்க தாத்தா போட்டோவைப் பார்த்து."

மண்புழு அப்போதே தொட்டியின் அடித்துளை வழியாக இறங்கி, பக்கத்துக் கொத்தமல்லித் தொட்டிக்குக் குடிபோய்விட்டது.