மாடி வெயில்
சென்ற ஆண்டு இந்த மாடிப்படியில் விழுந்துதான் அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. எலும்பு மெலிந்திருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. பத்து மாதம் எண்ணெய்த் தேய்ப்பு, கேழ்வரகு, நடை என்று இருந்தவள் இன்று மாடி வெயிலுக்கு ஏறுகிறாள். சிப்காட்டில் எட்டு மணிச் சங்கு ஊதுகிறது. அவள் பின்கழுத்தில் கெலமங்கலம் ஆயுர்வேத வைத்தியரின் எண்ணெய் மின்னுகிறது. நான் கைகளை நீட்டியபடி பின்னால் ஏறுகிறேன். "நீ கைய நீட்டுனாதான்டி எனக்கு பயமா இருக்குது" என்கிறாள். மாடியில் அவளுக்கு இடம்விட்டுத் துணிக்கொடியை ஓரமாக மாற்றிக் கட்டியிருக்கும் வீட்டுக்காரம்மா சுகுணா, "மெல்ல வாக்கா, வெயிலு எங்கியும் ஓடிடாது" என்கிறார். அம்மா ஏறிவிட்டாள். சுகுணா உட்காரச் சொல்லாமல், ஈரப் போர்வையின் ஒரு முனையை அவளிடம் நீட்டுகிறார். "புடிக்கா, முறுக்கலாம்." முறிந்து கூடிய கையால் அம்மா முறுக்குகிறாள். தண்ணீர் கொட்டுகிறது. போர்வையை வாங்கி உதறிக் கொடியில் போடுகிறேன்.